மத்தியஸ்தம் பேசிய துரை

வடசென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வால்டாக்ஸ் ரோடு தெரியாமல் இருக்க முடியாது. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி வடக்கே நீளுகிற அந்தச் சாலையின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் பலர் விழிப்பார்கள். ‘வால்’ என்றால் மதில். ‘டாக்ஸ்’ என்றால் வரி. ஹைதர் அலியின் குதிரைப் படை 1760-களின் கடைசியில் சென்னையின் வாசல்வரை வந்து போன பயத்தில், கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கம்பெனி சர்க்கார் ஒரு மதில் எழுப்பியது. செலவை ஊர் ஜனங்களிடம் வரியாக வாங்கிவிடலாம் என்று கோட்டைக்குள் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஜனங்கள் ஒப்பவில்லை, வரி வசூலாகவில்லை. மதிலும் பிற்பாடு இடிபட்டது. பழைய ஜெயில் ரோட்டில் அதன் துண்டு ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது. யாரும் கட்டாத ஒரு வரியின் பெயரைத்தான் இன்று பஸ் கண்டக்டர் கூவிக்கொண்டு போகிறார்.

ஆள்கிறவர்களுக்கும் ஆளப்படுகிறவர்களுக்கும் இடையே சென்னையில் நடந்த தகராறுகளில் இது சாதுவான ஒன்று. மற்றவை இவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. ஒரு நாவலுக்காகப் பழைய பேட்டைகளின் சரித்திரத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் என் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்டது. தகராறு மூண்டபோதெல்லாம், ‘இரண்டு பேருக்கும் பொதுவாக நான் நியாயம் சொல்கிறேன்’ என்று யாரோ ஒருவர் முன்வந்து நின்றிருக்கிறார். அவர் யார், அவருக்கு அதில் என்ன லாபம், நிஜமாகவே நடுவில்தான் நின்றாரா என்று கேட்கத் தொடங்கினேன். நாவல் ஒரு பக்கம் கிடக்க, இந்தக் கேள்வியே பெரிதாகிவிட்டது.

சென்னையின் ஜாதகமே ஒரு துணி மூட்டைக்குள்தான் இருக்கிறது. 1639-ல் தாமர்ல வெங்கடப்ப நாயக்கரிடம் ஃபிரான்சிஸ் டே என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் இந்த மணல் கரைக்குச் சாசனம் பெற்றார். துறைமுகம் இல்லை; சொல்லிக்கொள்ளும்படியான ஆறும் இல்லை. துணி மலிவாகக் கிடைக்கும் என்ற ஒரே ஆசைதான். துணி வேண்டுமென்றால் நெய்கிறவர்கள் வேண்டும், வெளுக்கிறவர்கள் வேண்டும், சாயம் போடுகிறவர்களும் சித்திரம் எழுதுகிறவர்களும் வேண்டும். முப்பது வருஷத்துக்கு வரி கிடையாது என்று ஆசை காட்டித்தான் இவர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார்கள்.

தறியிலிருந்து இறங்குகிற துணி கஞ்சியும் அழுக்குமாகப் பழுப்பேறி இருக்கும். ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, மணலில் விரித்து, காய்ந்ததும் மறுபடி நனைத்து மறுபடி விரித்து, பால்போல வெளுத்த பிறகுதான் அது கப்பலேறும். அல்லது சித்திரக்காரர் கைக்குப் போகும். அதற்கு நல்ல தண்ணீரும் திறந்த வெளியும் வேண்டும். அப்படிக் கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. ஊரார் வீட்டு வேஷ்டி சேலையால் வந்த பெயர் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். லண்டன் சந்தையில் ஒரு துணிக்குக் கிடைக்கிற விலை இந்தப் பேட்டையின் தண்ணீரையும் வெயிலையும் நம்பி இருந்தது என்பதே உண்மை.

வெளுத்த துணியைக் கப்பலில் ஏற்றுவது இன்னொரு பாடு. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை உடைகிற கடல். வெள்ளைக்காரன் படகு அந்த அலையில் பிளந்துவிடும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த நம்முடைய மசூலாப் படகுதான் வளைந்து கொடுத்துத் தாண்டும். மூட்டையானாலும் கவர்னரானாலும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும். ஆகவே கோட்டைக்குள் பீரங்கி இருந்தாலும், ஊரின் மூச்சு வெளுக்கிறவர் கையிலும் துடுப்புப் போடுகிறவர் கையிலும் இருந்தது. இதைக் கம்பெனியார் அறிந்திருந்தார்கள். அந்த உழைப்பாளிகளும் அறிந்திருந்தார்கள்.

வாக்குக் கொடுத்த முப்பது வருஷம் கழிந்தது. 1678-ல் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், தெருக் குப்பையை அள்ளும் செலவுக்காக வீடுகளுக்கு ஒரு வரி போட்டார். சென்னையில் நகர வரி என்பது குப்பைக்காகப் பிறந்தது என்பதை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 1686 ஜனவரியில், கிஃபர்டு கவர்னராக இருந்தபோது, வீட்டு வரி விஷயத்தில் முணுமுணுப்பு கூச்சலாக மாறிற்று. ஜாதித் தலைவர்கள் ஒன்றுகூடினார்கள். தொழில்கள் நின்றன, ஊருக்குள் சாமான் வருவது தடைப்பட்டது. கிஃபர்டு துரை மத்தியஸ்தம் ஒன்றும் பேசவில்லை. கெடு வைத்து, அதற்குள் பணியாவிட்டால் தலைவர்களின் வீடுகளை இடித்து, அவர்களை ஊரைவிட்டே துரத்துவேன் என்றார். பணிந்துவிட்டார்கள்.

லண்டனில் கம்பெனியின் மூளையாக இருந்தவர் சர் ஜோசையா சைல்டு. இந்த அடிதடி முறையில் காசு பெயராது என்று அவருக்குப் பட்டது. தாங்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளும் வரியென்றால் ஜனங்கள் தாராளமாகக் கொடுப்பார்கள், மேலேயிருந்து திணித்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பிடுங்க முடியாது என்பது அவர் கணக்கு. அதன் விளைவாக வந்ததுதான் சென்னை மாநகராட்சி. 1687 டிசம்பரில் சாசனம் எழுதப்பட்டு, 1688 செப்டம்பர் 29-ல் சபை கூடியது. நத்தானியல் ஹிக்கின்சன் மேயர். ஆல்டர்மென் பன்னிரண்டு பேரில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், போர்ச்சுகீசியர், யூதர், இந்துக்கள் என்று பல ஜாதியாரும் இருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சபை ஜனங்களுக்கும் சர்க்காருக்கும் நடுவில் நிற்பதற்காகப் பிறக்கவில்லை. கசக்காமல் வரி வாங்குவதற்காகப் பிறந்தது. ஜனங்கள் அதையும் புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. மாநகராட்சி வந்த பிறகும் அவர்கள் வரிக்குப் பையை அவிழ்க்கத் தயாராக இல்லை.

இனி, தலைப்பில் உள்ள துரையிடம் வருகிறேன்.

இடங்கை, வலங்கை என்று அக்காலத்தில் தமிழ்நாட்டு ஜாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து கிடந்தன. சோழர் கல்வெட்டுகளிலேயே இந்தப் பெயர்கள் இருக்கின்றன. கம்மாளர், பேரி செட்டிகள் முதலியோர் இடங்கை. கோமட்டிகள், பலிஜர், பறையர் முதலியோர் வலங்கை. யார் எந்தத் தெருவில் ஊர்வலம் விடலாம், யார் கல்யாணத்தில் குதிரை ஏறலாம், பந்தலுக்கு எத்தனை கால் நடலாம் என்றெல்லாம் சண்டை. இன்று படித்தால் சிரிப்பு வரும். அன்று தலைகள் உருண்டன. இந்தச் சண்டையை வெறும் ஜாதி வெறி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு தெருவில் ஊர்வலம் போகும் உரிமை என்பது அந்தத் தெரு யாருடையது என்ற கேள்வி. நகரசபை, வார்டு, தேர்தல் ஒன்றும் இல்லாத காலத்தில் உள்ளூர் அதிகாரம் தெருவாகவும் பந்தற்காலாகவும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

சென்னை பிறந்து பதின்மூன்றே வருஷத்தில், 1652-ல், முதல் தகராறு. எந்தத் தெரு எந்தக் கைக்கு என்று அப்போதே பாகம் பிரித்தார்கள். அந்தத் தெருக்கள் இன்றில்லை. பிரெஞ்சுக்காரர் 1746-ல் கோட்டையைப் பிடித்த பிறகு, கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த அந்தப் பழைய கறுப்பர் நகரம் படிப்படியாகத் தரைமட்டமாக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஹைக்கோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. இதையும் வாசகர்கள் ஒரு மூலையில் போட்டு வைக்கட்டும்.

1707-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு கல்யாண ஊர்வலம். இடங்கையாருடையது, அது போன தெருவை வலங்கையார் தங்களுடையது என்றார்கள். தகராறு முற்றியது. அப்போது கவர்னர் தாமஸ் பிட். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. 1698 முதல் 1709 வரை சென்னையை ஆண்டவர். 410 காரட் எடையுள்ள வைரம் ஒன்றை இங்கே வாங்கிச் சீமைக்கு அனுப்பி, பட்டை தீட்டி, 1717-ல் பிரெஞ்சு ராஜப் பிரதிநிதிக்கு விற்றவர். அந்தக் கல் இப்போது பாரிஸில் லூவர் மாளிகையில் இருக்கிறது. பிரிட்டனின் பிரதம மந்திரிகளாக இருந்த இரண்டு வில்லியம் பிட்களும் இந்த வைர வியாபாரியின் சந்ததி. முரடர், கெட்டிக்காரர், பணத்தில் கண்ணுள்ளவர்.

பிட் துரை முதலில் செய்த காரியம் நல்ல காரியம். இரு கைக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு தலைவர்களை அழைத்து, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று உட்காரவைத்தார். நம் பஞ்சாயத்து முறைக்கு அது பொருந்தியே இருந்தது. கவுன்சில் மெம்பர்களையும் இந்த விஷயத்தில் ஈடுபடுத்தினார். தெருக்களை அளந்தார்கள். எல்லைக்குக் கல் நட்டார்கள். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரிவினை ஏற்பட்டது. பெத்தநாயக்கன்பேட்டையில் வீடு வைத்திருந்த இடங்கையார் விற்றுவிட்டுப் போக வேண்டும். காகிதத்தில் பார்த்தால் குறையில்லாத தீர்ப்பு.

அது ஏன் ஒட்டவில்லை? பிட்டுக்கும் இரு கட்சிகளுக்கும் நடுவில் துணி இருந்தது. கம்பெனிக்குத் துணி கொள்முதல் செய்து கொடுக்கிற ஒப்பந்தம் யார் கைக்கு என்பதில் இடங்கை வணிகர்களுக்கும் வலங்கை வணிகர்களுக்கும் கடும் போட்டி. கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் அந்தப் போட்டிதான் மேளம் அடித்தது. பிட் துரை இடங்கை வணிகர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது வலங்கையார் கட்சி. கவுன்சிலில் பிட்டுக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்த வில்லியம் ஃபிரேசர் வலங்கையாருக்கு உள்கையாக இருந்து தூண்டிவிடுகிறார் என்பது பிட்டின் கட்சி. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்களே இரண்டு கையாகப் பிரிந்துவிட்டார்கள். ஆகஸ்டில் பிட், ஃபிரேசரைக் கவுன்சிலிலிருந்து நீக்கி வைத்தார்.

வலங்கையார் என்ன செய்தார்கள்? கல்லெறியவில்லை. மூட்டை முடிச்சோடு சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். சாந்தோம் அப்போது நவாபின் ஆட்கள் கையில். கம்பெனியின் அதிகாரம் அங்கே செல்லாது. 1680-லும் இதே போல ஒரு கூட்டம் அங்கே போய் உட்கார்ந்ததுண்டு. வழி பழகிய வழிதான். இம்முறை போனவர்களில் படகுக்காரர்களும் மீன்பிடிக்கிறவர்களும் கைத்தொழில் செய்கிறவர்களும் இருந்தார்கள். படகு ஓட்ட ஆளில்லாவிட்டால் கரைக்கும் கப்பலுக்கும் தொடர்பு அறுந்தது. கோட்டைக்குள் எத்தனை பீரங்கி இருந்தால் என்ன, ஒரு துணிப்பேலைக் கப்பலேற்ற முடியாது.

அதன் பிறகுதான் மத்தியஸ்தம் நிஜமாக நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் அனுப்புவது, கெஞ்சுவது, மிரட்டுவது, வாக்குக் கொடுப்பது என்று மாதக்கணக்கில் இழுத்து, 1708-ன் தொடக்கத்தில் ஒருவாறு சமாதானம் ஆயிற்று. பேட்டைப் பிரிவினை நிலைத்தது. ஆனால் சண்டை நிலைத்ததும் அதே அளவு உண்மை. 1716-17-ல் மறுபடி மூண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை விட்டு விட்டுத் தொடர்ந்தது.

ஃபிரேசர் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். பிட் 1709 செப்டம்பரில் பதவியிறங்கினார். அடுத்து வந்தவர் கல்ஸ்டன் அடிசன்; பிரபல ஆங்கிலக் கட்டுரையாசிரியர் ஜோசப் அடிசனின் தம்பி. ஒரே மாதத்தில் இறந்துபோனார். அதற்குப்பின் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வேறு யாருமில்லை, வில்லியம் ஃபிரேசர்தான். ஒரு கட்சிக்கு உள்கை என்று நீக்கப்பட்டவர், இரண்டே வருஷத்தில் இரண்டு கட்சிக்கும் பொதுவான துரையாகிவிட்டார். இடங்கையார் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று எழுதி வைக்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே என்று எனக்கு வருத்தம்.

இந்த வியாதி நமக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் நகரங்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டிருந்தன. ஒவ்வொரு நகரத்திலும் பெரிய குடும்பங்கள் இரண்டு கட்சியாக நின்று வெட்டிக்கொண்டன. உள்ளூர்க்காரன் எவனைத் தலைவனாக வைத்தாலும் அவன் ஒரு கட்சியின் மாமனாகவோ மச்சானாகவோ இருப்பான். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டார்கள். வேறு ஊரிலிருந்து ஒருவனைச் சம்பளத்துக்கு வரவழைத்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஊரை அவனிடம் ஒப்படைத்தார்கள். ‘பொதெஸ்தா’ என்று அந்தப் பதவிக்குப் பெயர். அவன் உள்ளூரார் வீட்டில் விருந்துண்ணக் கூடாது. உள்ளூரில் உறவு கொண்டாடக் கூடாது. காலம் முடிந்ததும் உடனே மூட்டை கட்டிவிட முடியாது. அவன் ஆண்ட விதத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். கணக்குத் தணிக்கை நடக்கும். அதில் தேறிய பிறகே ஊர் திரும்பலாம். எல்லா நகரத்திலும் இது வெற்றி பெற்றது என்று சொல்ல மாட்டேன். பொதெஸ்தாவையே விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் நடுநிலைமை என்பது ஒரு மனிதனின் நல்ல குணத்தை நம்பி விடுகிற விஷயம் இல்லை, அவன் சாப்பாட்டைக்கூடச் சட்டம் போட்டுக் காக்க வேண்டிய விஷயம் என்று கண்டுபிடித்தார்களே, அது பெரிய கண்டுபிடிப்பு. பிட் துரை அந்த விதியின்படி நடந்திருந்தால் சென்னையில் ஒருவர் கையாலும் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்க முடியாது.

சாப்பாடு என்றதும் எங்கள் பேட்டைப் பெரியவர் ஒருவர் ஞாபகம் வருகிறது. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்வது டாலி கிளார்க்கின் வேலை. கப்பல்காரன் ஆயிரம் என்பான், கரையில் உள்ளவன் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்பான். குறிப்பு நோட்டில் உள்ள கோடுதான் பேசும். ஒரு கோடைகாலத்தில் எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் தண்ணீர்த் தொட்டி விஷயமாகத் தகராறு. லாரித் தண்ணீர் நிரப்புகிற தொட்டியை இடம் மாற்ற ஓர் அலுவலகம் முடிவு செய்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மாற்றினால் எங்கள் தெருப் பெண்கள் மெயின் ரோட்டைத் தாண்டிக் குடம் தூக்க வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த தெருக்காரர்கள் தாண்ட வேண்டும். அதிகாரி இரண்டு பேருக்கும் பொதுவாகத் தாமே தீர்த்து வைப்பதாகச் சொன்னார். அவருக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர் அடுத்த தெருக்காரர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஒருவரும் நம்பவில்லை.

பெரியவர் மூன்றாவது தெருக்காரர். அவர் வீட்டில் கிணறு உண்டு. இரு தெருப் பெண்களும் அதிகாரியும் சம்மதித்துத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் விடியற்காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடங்களை எண்ணினார். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. எங்கள் தெரு அக்கா ஒருத்தி டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். “வேணாம்மா. உன் டீயைக் குடிச்சா அந்தத் தெரு டீயும் குடிக்கணும். எனக்கு சுகர்” என்று அனுப்பிவிட்டார்.

“இன்னா நைனா, ரெண்டு குடம் தண்ணிக்கு இம்மாங் கணக்கா?” என்றாள் அவள்.

“கணக்கு இல்லாமதானேம்மா சண்டை போட்டீங்க” என்றார்.

எண்ணி முடித்தபோது இரண்டு தெருவும் சொன்ன வீட்டுக் கணக்கு இரண்டுமே தப்பு என்று தெரிந்தது. தொட்டியை முனையில் வைப்பது, ஒரு நாள் இந்தத் தெரு வரிசை முதலில், மறுநாள் அந்தத் தெரு என்று முடிவாயிற்று. அதிகாரியும் சரி என்றார். நாலைந்து மாதம் ஒரு சத்தம் இல்லை. பிறகு அந்த அதிகாரிக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் தொட்டியை நகர்த்தினார். பெரியவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

“இது உங்க நோட்டு, பெரியவரே. ஆபீஸ் பேப்பர்ல ஏதாவது இருக்கா?” என்று அவர் கேட்டிருக்கிறார்.

“எண்ணினது என் கோடு சார். ஒத்துக்கிட்டது உங்க ஆபீஸ். அதை நீங்கதான் எழுதி வெச்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் திரும்பிவிட்டார். தொட்டி இப்போது இல்லை, குழாய் வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

இதைவிடப் பெரிய மத்தியஸ்தங்களும் நம் ஊரிலிருந்து புறப்பட்டிருக்கின்றன. 2005-ல் சென்னை ஹைக்கோர்ட் வளாகத்தில் ஒரு சமரச மையம் ஏற்பட்டது; நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவிலேயே அது முதலாவது. 1652-ல் இடங்கைக்கும் வலங்கைக்கும் தெருப் பிரித்த அதே பூமி. அந்த மையத்தை உருவாக்குவதில் முன்னின்ற சென்னை வக்கீல் ஸ்ரீராம் பஞ்சுவை, அஸ்ஸாம்-நாகாலாந்து எல்லைத் தகராறில் மத்தியஸ்தர்களில் ஒருவராக 2010-ல் சுப்ரீம் கோர்ட் நியமித்தது. 2019-ல் அயோத்தி விவகாரத்துக்கு அமைத்த மூவர் குழுவிலும் அவர் இருந்தார். குழுவின் தலைவர் நீதிபதி கலிஃபுல்லாவும் தமிழ்நாட்டுக்காரர். அந்த முயற்சி பலிக்காமல் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது வேறு விஷயம்.

2023-ல் பாராளுமன்றம் மத்தியஸ்தத்துக்கென்றே ஒரு சட்டம் செய்தது. ஒரு வட்டாரத்துக் குடிகளின் அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளுக்கு மூன்று பேர் அடங்கிய சமூக மத்தியஸ்தக் குழு வைக்கலாம் என்று அதில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. எங்கள் தொட்டிச் சண்டையை நினைத்துக்கொண்டு அதை ஆவலோடு படித்தேன். அப்படி ஏற்படும் உடன்படிக்கை அமைதிக்காகத்தானாம். சிவில் கோர்ட் டிக்ரியைப்போல் நிறைவேற்றிக்கொள்ள முடியாதாம். சர்க்கார் ஒரு கட்சியாக இருந்தால்? வியாபார சம்பந்தமான தகராறென்றால்தான் சட்டம் தானாகப் பொருந்தும். மற்றவற்றுக்கு அந்த சர்க்காரே மனம் வைத்து அறிவிக்க வேண்டும். அப்படி மத்தியஸ்தம் நடந்து முடிவு ஏற்பட்டாலும், மேலதிகாரியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சர்க்கார் தரப்பு கையெழுத்திட முடியாது. ஒரு பக்கம் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்து பேசுகிறது. மறுபக்கம் ‘மேலே கேட்டுச் சொல்கிறேன்’ என்று பேசுகிறது.

உள்ளாட்சி மன்றங்களின் முறைகேடுகளை விசாரிக்க 2014-ஆம் வருஷத்துச் சட்டப்படி தமிழ்நாட்டில் முறைமன்ற நடுவம் என்று ஒன்றும் உண்டு. ‘நடுவம்’ என்பது அழகான சொல். ஆனால் அங்கே போவது புகார் கொடுக்க. இரண்டு கட்சியும் தாமே தேர்ந்தெடுத்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசுவது வேறு.

அந்த வேறுபாடு எனக்கு உறைத்தது 2025 ஆகஸ்டில். ராயபுரம், திரு. வி. க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி தனியாருக்குக் கொடுத்தது. அதுவரை அந்த வேலையைச் செய்துவந்த துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ரிப்பன் மாளிகையின் வாசலில் உட்கார்ந்தார்கள். சம்பளம் குறையும், வேலை நிரந்தரமாகும் என்ற பல வருஷ நம்பிக்கை போய்விடும் என்பது அவர்கள் கட்சி. ஒருவருக்கும் நஷ்டம் வராது, வேலை போகாது என்பது மாநகராட்சியின் கட்சி. பேச்சுவார்த்தை பல சுற்று நடந்தது. தொழிலாளர்களோடு பேச வந்தவர்கள் அமைச்சர்கள், மேயர், அதிகாரிகள். அவர்களில் யார் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொருவரும் அந்தத் தகராறில் ஒரு கட்சியாக இருந்தார்கள் என்பதுதான் விஷயம். ஒப்பந்தத்தைக் கொடுத்தவரே ஒப்பந்தம் நியாயமா என்று தீர்ப்பும் சொல்ல வேண்டியிருந்தது. பதின்மூன்றாம் தேதி நள்ளிரவில், ஹைக்கோர்ட் உத்தரவை முன்னிட்டு, போலீஸார் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள்.

1678-ல் குப்பைக்குப் போட்ட வரியிலிருந்து இந்தக் கதையைத் தொடங்கியது இதற்காகத்தான். படகுக்காரர்கள் கையில் ஊரின் மூச்சு இருந்ததுபோல, இந்தப் பெண்களின் கையிலும் ஒரு மூச்சு இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு ஒரு சாந்தோம் இல்லை. எழுந்துபோய் உட்கார வேறு ராஜ்யம் கிடையாது. அன்றைக்கு பிட் துரையை இறங்கிவர வைத்தது அவருடைய நியாய புத்தி அல்ல. தூரத்தில் காத்து நின்ற கப்பல். துப்புரவுத் தொழிலாளிக்காக எந்தக் கப்பலும் காத்து நிற்பதில்லை. வேலைக்கு வேறு ஆளை மறுநாளே அழைத்துவிடலாம். பலமில்லாத கட்சிக்குத்தான் நடுவில் ஒரு ஆள் அதிகம் தேவைப்படுகிறது.

மாநகராட்சிக்கு அது பெரிய செலவாகவும் இராது. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒருவர் வரட்டும். ஓய்வு பெற்ற நீதிபதியாக இருக்கலாம், கணக்குத் தெரிந்த ஒரு டாலி கிளார்க்காகவும் இருக்கலாம். இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்ட ஆளாக இருக்க வேண்டும். இதற்கு முன்னும் பின்னும் மாநகராட்சியில் எந்த ஒப்பந்தமும் எடுத்தவராக இருக்கக் கூடாது. அவருடைய சாப்பாட்டுச் செலவை இரண்டு கட்சியும் கணக்கு வைத்துப் பாதிப் பாதியாகக் கொடுக்கட்டும். முடிவைக் காகிதத்தில் எழுதி, மாற்றலாகிப் போகாத ஒருவர் கையெழுத்திடட்டும். உட்கார்ந்து பேச ரிப்பன் மாளிகையில் அறை வேண்டாம். அடுத்த காம்பவுண்டிலேயே விக்டோரியா பப்ளிக் ஹால் இருக்கிறது. ஊரார் கூடிப் பேசுவதற்கென்றுதான் 1880-களில் அதைக் கட்டத் தொடங்கினார்கள்.